ராசப்பன் டீக்குப் போன நேரம்

முகிலன் எழுந்ததும் மோட்டார் போட்டான். பால் காய்ச்சினான். சோறு வைத்தான். இரண்டு டிபன் பாக்ஸையும் கழுவித் துடைத்து, ஒன்றில் சோறு அள்ளினான். மற்றதை வெறுமனே மூடி வைத்தான். பக்கத்து நிட்டிங் யூனிட்டில் மிஷின்கள் ஓட ஆரம்பித்திருந்தன.

ஹைதராபாத்தில் எம்.ஏ. அரசியல் அறிவியலுக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் சம்மதம் தெரிவிக்க வேண்டும். இன்னொரு வழி, இங்கேயே நல்லூரில் பனியன் கம்பெனி வேலையைப் பார்த்துக்கொண்டு தபாலில் படிப்பது. பட்டம் ஒன்றுதான். ஆனால் அவன் படிக்க நினைத்தது ஹைதராபாத்தில்தான் இருந்தது: பிழைக்க வந்த ஊரில் ஓட்டில்லாத தொழிலாளிகள். அந்த யோசனையே அவன் மனைவி சித்ரகலா கொடுத்ததுதான். "என் செக்கிங் டேபிள்ல பாதிப் பேர் பீகாருங்க. ஓட்டுக் கேட்டு வர்றவங்க எங்களை மட்டும் கும்பிட்டுட்டு அவங்களைத் தாண்டிப் போயிடறாங்க" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவள் சம்பாதிப்பது, அவன் போய்ப் படிப்பது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். மாசியில், ஷிப்மெண்ட் நெருக்கடியில், காய்ச்சலோடு வேலைக்குப் போனாள். அந்த வாரமே செத்துப்போனாள்.

மாமனார் ராசப்பன் வேலம்பாளையத்தில் அயர்ன் மாஸ்டர். லீவு போட்டுவிட்டு, கல்லூரியில் படிக்கும் சின்ன மகள் அனுப்ரியாவோடு வந்திருந்தார்.

"அரசியல் படிச்சு என்ன பண்றதுங்க மாப்பிள்ளை? எங்க வார்டு செயலாளர் எட்டாவதுதானுங்க. காரு ரெண்டு வச்சிருக்கார்."

முகிலன் காபியை நீட்டினான்.

"தபால்ல படியுங்க, யாரு வேண்டாங்கறா? ஊட்டோட இருங்க. வருசம் திரும்பறதுக்குள்ள அனுவைக் கட்டிக்கங்க. இது நான் சொல்லலீங்க. கலா சொன்னது. ஆஸ்பத்திரியில என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'தங்கச்சியை அவருக்கே குடுத்துருங்கப்பா'ன்னுச்சு."

ஆஸ்பத்திரியில் அவள் கண்ணே திறக்கவில்லை. அது இருவருக்கும் தெரியும். செத்தவள் வாக்கு என்று சொன்னபின் அதை யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

கம்பெனியிலிருந்து போன் வந்தது. ராசப்பன் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். அனுப்ரியா டம்ளர்களைச் சமையலறைக்கு எடுத்து வந்தாள்.

"எனக்கு இஷ்டமில்லீங்க மச்சான்."

"எனக்கும் இல்ல கண்ணு."

"அப்ப அக்கா உங்ககிட்டயும் ஏதாச்சும் சொல்லியிருக்கட்டும். அப்பாகிட்ட மட்டும்தான் சொல்லோணுமா?"

ராசப்பன் வந்து உட்கார்ந்ததும் முகிலன் சொன்னான்.

"உங்ககிட்டச் சொன்னதுக்கு அப்புறம் மனசு மாறிட்டாள் மாமா. நீங்க டீக்குப் போயிருந்தீங்க. என்னை ஹைதராபாத் போகச் சொன்னாள். அனுவும் நல்லாப் படிக்கட்டும்னாள்."

ராசப்பன் அவனையே பார்த்தார். பொய் என்று சொல்லப்போகிறார் என்று முகிலன் காத்திருந்தான். சொன்னால் அவருடைய பொய்யும் சேர்ந்து போகும்.

"டீக்குப் போனப்பவுங்களா?"

"ஆமாங்க."

"தெளிவாப் பேசுச்சுங்களா?"

"தெளிவாப் பேசினாள்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"கண்ணு முழிச்சிருக்குதுங்க," என்றார் துண்டுக்குள்ளிருந்தே. "அந்த ஒரு டீக்கு நான் போகாம இருந்திருக்கலாம்."

அனுப்ரியா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். இல்லை மாமா, அவள் முழிக்கவே இல்லை என்று சொல்ல முகிலனுக்கு வாய் வரை வந்தது.

கிளம்பும்போது அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க. அது சொன்னபடியே செய்யுங்க" என்றார்.

அவர்கள் பஸ் ஏறியதும் முகிலன் போனை எடுத்துச் சம்மதம் என்ற கட்டத்தைத் தொட்டான். நன்றி என்று வந்தது. பக்கத்தில் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அலமாரியில் காலி டிபன் பாக்ஸ் மூடியபடியே இருந்தது.

மாசியில், ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்து நின்றபோது, அவன் தோளைப் பிடித்தபடி செருப்பை மாட்டிக்கொண்டே சித்ரகலா கடைசியாகச் சொன்னது: "டிபன் பாக்ஸ் ரெண்டையும் வந்ததும் கழுவி வச்சிருங்க. காலையில நேரம் இருக்காது."