அணைக்க மறந்த மெட்ரோனோம்

முனிகிருஷ்ணன் தாளத்துக்கு எதிரி. அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். மனுஷனைத் தாளம்தான் அடிமையாக்கி வைத்திருக்கிறதாம், தன் எலக்ட்ரானிக் இசை அவனை விடுதலை பண்ணப்போகிறதாம். இதைச் சொல்கிற ஆள்தான் வாரத்தில் ஐந்து நாள் காலை ஏழே முக்காலுக்கு வைட்ஃபீல்ட் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கத் தலைதெறிக்க ஓடுவான். ஓடும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிடும்.

ஜீவனஹள்ளி வீட்டு மாடியறையில் ஆறு வருஷமாக லேப்டாப்பும் இரண்டு ஸ்பீக்கரும் ஓயாத ரீங்காரமுமாகக் குடித்தனம். ஒரு நாள் பக்கத்து வீட்டு வள்ளியம்மா வாசலில் நின்று, "டேங்க் ரொம்பி எவ்ளோ நேரமாச்சு, மோட்டரை ஆஃப் பண்ணும்மா" என்றாள். அவன் மனைவி வீணா, "இதோ பண்றேங்க்கா" என்று சொல்லி, நேராக மாடிக்கு வந்து லேப்டாப்பை மூடினாள்.

அப்பேர்ப்பட்டவனுக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. நிருபமா புதுவகை நடனங்களை அமைக்கிறவள். தொம்மலூரில் ஒரு பழைய ஷெட்டில் ஐந்து பேரை வைத்து ஒத்திகை நடத்திக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷ நடனம், முழுக்க அவன் இசை. போஸ்டரில் 'இசை: முனிகிருஷ்ணன்' என்று தனி வரி. அந்த வரியை நினைத்தாலே அவனுக்கு உச்சி குளிர்ந்தது.

ஜனவரியில் ஒத்திகைக்கென்று ஒரு கச்சா வடிவத்தை அனுப்பினான். பிறகு எட்டு மாசம் அதை இழைத்து இழைத்து மெருகேற்றினான். ஒரு ஒத்திகைக்கும் போகவில்லை. ஆடுகிறவர்களைப் பார்த்தால் இசை கெட்டுவிடும் என்பது ஐயாவின் கொள்கை.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி. அதற்கு முந்தின ஞாயிறு, முடித்த இசையோடு ஷெட்டுக்குப் போய் ஓடவிட்டான். இரண்டாவது நிமிஷத்தில், ஆடிக்கொண்டிருந்த கேரல் போய்ப் பக்கத்தில் ஆடிய ஷ்ரேயாஸ் மேல் மோதினாள். நாலாவது நிமிஷத்தில் ஐந்து பேரும் நின்றுவிட்டார்கள்.

"முனி, டிக் எங்க?" என்றாள் நிருபமா.

"எந்த டிக்?"

அவள் தன் போனில் ஜனவரி வடிவத்தைப் போட்டாள். அவன் பாடுபட்டு உண்டாக்கிய ரீங்காரத்துக்கு மேலே கணீரென்று டிக், டிக், டிக், டிக். அவனுக்குக் குப்பென்று வியர்த்தது. வேலை செய்யும்போது தாளக் கணக்குக்காக ஓடவிடும் மெட்ரோனோம் அது. அணைக்காமலே பதிவு செய்து அனுப்பியிருக்கிறான். தாளத்துக்கு எதிரியின் லேப்டாப்பில் மெட்ரோனோமுக்கு என்ன வேலை என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

"அது தப்பா வந்துடுச்சு. ஆஃப் பண்ண மறந்துட்டேன்."

"தப்பா? எட்டு மாசமா அதை வெச்சுதானே எண்ணிட்டிருக்கோம்," என்றாள் கேரல். "உங்க மியூசிக்கே அதுதான்னு நெனச்சேன். பின்னாடி ஒரு 'உம்'முனு வருதே, அது ரூம் ஃபேன் சத்தம்னு விட்டுட்டேன்."

நிருபமா அவன் தோளில் கை வைத்தாள். "பேஜார் பண்ணிக்காத முனி. டிக்கைத் திரும்பப் போட்டுக் குடு. இல்லாட்டி ஓஸ்வால்டை ட்ரம்ஸோட வரச்சொல்றேன். எனக்கு வேற வழியில்ல."

போட்டுக் கொடுத்தான். கொள்கை போனாலும் போஸ்டரில் பெயர் இருக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை மாலை ஷெட் நிறைந்துவிட்டது. வீணா முன்வரிசையில் இருந்தாள். முனிகிருஷ்ணன் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். பதினெட்டாவது நிமிஷம், அவன் உயிரைக் கொடுத்துச் செய்த பகுதி வந்தது. அதையும் டிக் மிதித்துக்கொண்டே போயிற்று. அவனுக்குப் பொறுக்கவில்லை. ரெண்டே ரெண்டு நிமிஷம், இவர்களுக்கு இதற்குள் பாடமாகியிருக்காதா என்று டிக்கை அணைத்தான்.

பாடமாகவில்லை. ஷ்ரேயாஸின் தூக்கிய கை எப்போது இறங்குவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. மற்றவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். திரும்ப டிக்கைப் போடலாமென்றால் எந்த எண்ணிக்கையில் போடுவது? இன்னும் குழம்பும். தன் திமிரால் ஐந்து பேரின் எட்டு மாச உழைப்பு நாசமாகப்போகிறது என்று அவனுக்கு உறைத்தது.

அப்போது கேரல் குதிகாலால் மேடைப் பலகையைத் தட்டினாள். இன்னொரு தடவை தட்டினாள். அந்தச் சத்தம் மற்றவர்களுக்குச் சரியாகக் கேட்கவில்லை. அவர்கள் முகத்தைச் சுளித்து, காதைத் தீட்டி, அந்தக் காலடியைத் தேடினார்கள். கேட்கவிடாமல் மறித்துக்கொண்டிருந்தது அவனுடைய ரீங்காரம்தான்.

முனிகிருஷ்ணன் அவர்களை அன்றைக்குத்தான் நிஜமாகப் பார்த்தான். தன் உயிரான அந்தப் பகுதியின் சத்தத்தை மெல்ல மெல்லக் குறைத்து, சுத்தமாக நிறுத்தினான்.

காலடி மட்டும் மிஞ்சியது. ஒருவர் காலை ஒருவர் கேட்டு, ஐந்து பேரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. ஷெட்டில் ஒருவரும் அசையவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து, அடுத்த பகுதியைக் கேரலின் காலோடு சேர்த்து, டிக்கோடு தொடங்கினான்.

முடிந்ததும் நிருபமா நேராக அவனிடம் வந்தாள். "அந்த சைலன்ஸ் நாளைக்கும் வேணும். எப்படித் தோணுச்சு?"

"தோணல. திமிர்ல டிக்கை அணைச்சேன், எல்லாம் கவுந்துச்சு. காப்பாத்தினது கேரல்," என்றான். பொய் சொல்லப் பெரிய ஆசையாகத்தான் இருந்தது.

வாசலில் வீணா நின்றிருந்தாள். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் உன் மியூசிக் நல்லா இருந்துச்சு."

"எந்த எடம்?"

"நீ நிறுத்தினியே, அந்த எடம்."

கோபப்பட வேண்டும் என்று நினைத்தான், வரவில்லை. "எனக்கும் அதுதான் பிடிச்சுது" என்றான்.