கசிந்து வந்த பாட்டு

பின்பக்கம் மூடாத பழைய ஹெட்போன் உழைத்து ஓய்ந்துபோனதால், ஒலிப்பதிவாளர் அதன் புதுப்பதிப்பை வாங்கினார். "பேஸ் தூக்கலா இருக்கு, குரல் பின்னாடி போயிடுச்சு" என்று இணையக் குழுவில் ஆளாளுக்குக் குறைசொல்லியிருந்தார்கள். அவரும் குற்றம் கண்டுபிடிக்கவே காதில் மாட்டினார். பேஸ் தூக்கல்தான்; அடித்தாள முழக்கத்தில் குரல் அமுங்கியது.

பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி, வெளியே கசிந்த பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தாள். இதுவும் பின்பக்கம் மூடாததுதான் என்பதால், அது அவர் காதிலும் விழுந்தது. முன்பு ஒற்றை அறை வீட்டில், குழந்தை விழித்துவிடுமே என்று ஸ்பீக்கர் போடாமல் பழைய ஹெட்போனில் கேட்ட நாட்களில், அவர் தோளில் சாய்ந்து இப்படித்தான் பாடுவாள்.

"எப்படிங்க இருக்கு?"

"பேஸ் அதிகம். நீ பாடு, சரியாப் போயிடும்."

"போதும் கிண்டல்" என்று சிரித்தாலும், அவள் பாட்டை நிறுத்தவில்லை.