பார்த்திபன் சாரின் விரத நாட்கள்

பார்த்திபன் சார் பிசைந்த கையோடுதான் அடுத்தவர் டப்பாவுக்குள் வருவார். சாம்பார் சாதம் ஒட்டிய ஐந்து விரலும் அப்படியே ரேணுகா அக்காவின் உருளைக்கிழங்கு வறுவலில் இறங்கும். எடுத்ததை வாயில் போட்டுக் கட்டைவிரலை ஒருமுறை சப்புவார். பிறகு அதே கை சம்பத்தின் முட்டைப் பொரியலுக்குப் போகும். மென்றுகொண்டே பேசுவார். பேசும்போது ஒரு பருக்கையாவது மேசையில் வந்து விழும்.

"ஒண்ணா துன்னாத்தாம்மா டீமு" என்பார்.

அவர்தான் எங்கள் டீம் லீட். நாவலூரில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நோயாளிக் குறிப்புகளைப் படித்து நோய்க்கு எண் போடுவது எங்கள் வேலை. ரேணுகா அக்கா, சம்பத், திவ்யா, நான், அவர் என ஐந்து பேர். மதியம் ஒரு மணிக்கு ஐந்து பேரும் ஒரே மேசையில் உட்காருவோம். அவர் கை கழுவப் போனதும் மற்ற மூன்று பேரும் அவர் கையைப் பற்றிப் பேசுவார்கள். சம்பத் அவரைப் போலவே விரலைச் சப்பிக் காட்டுவான்.

"உன் டப்பாவ மட்டும் தொடவே மாட்றாரு பாரு. இன்னா மந்திரம்டி போட்ட?" என்று ரேணுகா அக்கா என்னைக் கேட்பார்.

நான் சிரிப்பேன். பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போது அந்தச் சிரிப்புதான் எனக்கு அதிகமாக வலித்தது.

மந்திரம் எதுவுமில்லை. நான் சேர்ந்த புதிதில் அந்தக் கை என் டப்பாவுக்குள்ளும் வந்தது. எட்டு நாள் வந்தது. எனக்கும் குமட்டியது. அவர் கை பட்ட பக்கத்தை ஒதுக்கிவிட்டு மீதியைத் தின்றேன். ஒன்பதாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே எந்த ஊர் என்று கேட்டார். கல்பாக்கம் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரின் பெயரைச் சொன்னேன். அந்தப் பக்கமெல்லாம் தனக்குத் தெரியும் என்றவர், ரோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டார்.

"சர்ச் பக்கம் சார்" என்றேன்.

"ஓ" என்று தலையாட்டினார். முகம் மாறவில்லை. குரலும் மாறவில்லை. மறுநாள் நானும் திவ்யாவும் பீன்ஸ் பொரியல் கொண்டுவந்திருந்தோம். என் டப்பா அவர் முன்னால் இருந்தது. திவ்யாவினுடையது அதற்கு அப்பால் இருந்தது. அந்தக் கை என் டப்பாவைத் தாண்டிப் போய் திவ்யாவின் பீன்ஸை அள்ளியது. திரும்பும் வழியில் என் மூடிமேல் ஒரு சொட்டு சாம்பார் விழுந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம். ஒருமுறைகூட அவர் என்னை மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. லீவு கேட்டால் கொடுப்பார். என் வேலையை மேலாளரிடம் புகழ்ந்திருக்கிறார். இதை யாரிடம் போய் என்னவென்று சொல்வது? அவர் என் டப்பாவில் கை வைப்பதில்லை என்றா? கொடுத்துவைத்தவள் என்பார்கள். என்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. அந்தக் கை வரவேண்டும் என்று நான் ஏங்க ஆரம்பித்திருந்தேன். கூடுவாஞ்சேரி வீட்டில் ஐந்து மணிக்கு எழுந்து இறால் தொக்கு செய்தேன். நெத்திலியை மொறுமொறுவென்று வறுத்தேன். மேசையில் டப்பாவைத் திறந்ததும் வாசனை போகட்டும் என்று மூடியை மெதுவாகச் சாய்ப்பேன். அவர் மூக்கு விரியும். கண் ஒருமுறை என் டப்பாவுக்கு வந்துவிட்டுப் போகும். கை மட்டும் வராது. அருவருக்கத்தக்க ஒரு கைக்காக இப்படிக் காத்திருக்கிறேனே என்று ஒருநாள் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது, அவர்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல் அதிகமாகக் கோபம் வந்தது. நான் அவரைப் பழிவாங்குவேன் என்று எனக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான். எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

வழியை ரேணுகா அக்காவே காட்டினார். பொங்கல் முடிந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று அவர் மகள் பூண்டுத் துவையல் அரைத்துக் கொடுத்திருந்தாள். சார் கையை விட்டுக் கிளறியதும் அக்கா அதை அப்படியே குப்பையில் கொட்டிவிட்டு வந்தார். இதற்கு ஒரு முடிவு கட்டியே ஆகவேண்டும் என்றார். முறை வைத்துக்கொள்ளலாம் என்றேன். சாதம் அவரவர் கொண்டுவருவது. குழம்பும் தொட்டுக்கொள்ள ஒன்றும் ஒரு நாளைக்கு ஒருவர் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கொண்டுவருவது. நடுவில் பாத்திரம், அதில் கரண்டி. யார் கையும் யார் டப்பாவுக்குள்ளும் போகாது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் நானே எழுதிப் போட்டேன். திங்கள் சம்பத், செவ்வாய் ரேணுகா அக்கா, புதன் நான், வியாழன் திவ்யா, வெள்ளி சார். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். சார் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினார்.

முதல் புதன்கிழமை நான் முருங்கைக்காய் சாம்பாரும் இறால் தொக்கும் கொண்டுபோனேன். சார் இரண்டு வாழைப்பழத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்குப் பெருமாளுக்கு இருக்கேன்மா" என்றார்.

அடுத்த புதனும் பெருமாள். அதற்கு அடுத்த புதனும். நான்காவது வாரம் திவ்யாவிடம் நாளை மாற்றிக்கொண்டேன். புதன்கிழமை திவ்யா கொண்டுவந்த வத்தக்குழம்பை சார் மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டார். பெருமாளை யாரும் விசாரிக்கவில்லை. வியாழக்கிழமை என் பாத்திரம் திறந்ததும் வாழைப்பழம் வந்தது. குருவுக்கு இருக்கிறாராம். ரேணுகா அக்காவிடம் மாற்றிக்கொண்டு செவ்வாய்க்குப் போனேன். முருகன் வந்தார்.

அந்த வாரங்களில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். இரண்டு வருடம் ஒரு கைக்காகக் காத்திருந்தவள், இப்போது ஒரு மனிதரின் கடவுள்களை நாள்வாரியாக நகர்த்திக்கொண்டிருந்தேன். என் முறை வரும் அன்று காலையிலேயே என்ன சமையல் என்று குழுவில் போட்டுவிடுவேன். வெறும் வயிற்றோடு அவர் அதைப் படிக்கட்டும் என்றுதான். வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக் காரக்குழம்பு வரும். நான் நன்றாக ஊற்றிச் சாப்பிட்டு, அண்ணி கைப்பக்குவம் அருமை என்பேன். அவர் சந்தோஷமாகத் தலையாட்டுவார்.

பிறகு அவரவர் பழைய நாளுக்கே திரும்பினோம். நான் நாட்களைச் சேர்க்க ஆரம்பித்தேன். சம்பத்தின் மனைவி பிரசவத்துக்கு உத்திரமேரூருக்குப் போயிருந்தாள். அவனுடைய திங்களை நான் எடுத்துக்கொண்டேன். ரேணுகா அக்காவின் மாமியாரை செங்கல்பட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அவருடைய செவ்வாயையும் எடுத்துக்கொண்டேன். "நீ தெய்வம்டி" என்றார் அவர். திவ்யாவிடமும் கேட்டேன். அவள் மட்டும் கொடுக்கவில்லை. உனக்கு ஏன் இத்தனை சிரமம் என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். என் பக்கத்து இருக்கை அவளுடையது. என் குழம்பை இரண்டு வருடமாகத் தொட்டுச் சாப்பிட்டவள். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை.

அந்த வாரம் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் என் முறை. சாருக்குச் சர்க்கரை உண்டு. சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை போடுவார். இது எனக்குத் தெரியாதது இல்லை. திங்கள்கிழமை மூன்று மணிக்கு மவுஸ் பிடித்த அவர் கை நடுங்கியதை என் இடத்திலிருந்து பார்த்தேன். இரவு ஜெபத்தில் மன்னிப்பு பற்றிய இடம் வந்தபோது வாயை மூடிக்கொண்டேன். நன்றாகத் தூங்கினேன்.

செவ்வாய்க்கிழமை அவர் வாழைப்பழம்கூடத் தின்னவில்லை. போன் வந்ததாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். இருபது நிமிடம் கழித்துத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்று ஒரு குறிப்பைப் பற்றிக் கேட்டார். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் மீசையில் ஒரு கடுகு ஒட்டிக்கொண்டிருந்தது.

விரதக்காரர் மீசையில் கடுகு. அன்று மாலை முழுவதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தாளித்த கடுகு. யாரோ தாளித்திருக்கிறார்கள்.

புதன்கிழமை என் பாத்திரத்தைத் திறப்பதற்கு முன்பே சார் எழுந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் திவ்யா, தனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள். பை வழக்கத்தைவிடப் புடைத்திருந்தது.

"திங்களு சிவன், செவ்வா முருகன், இன்னிக்குப் பெருமாளு" என்று ரேணுகா அக்கா விரல் மடக்கினார். "இவருக்கு மட்டும் வாரத்துல எத்தினி சாமிடா?"

சம்பத் சிரித்தான். சிரித்துக்கொண்டே மேசை நடுவில் இருந்த என் பாத்திரத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவன் சிரிப்பு நின்றுபோனது. ரேணுகா அக்காவும் விரலை மடக்கியபடியே இருந்தார்.

"ரெஜி" என்றார். "மூணு நாளும் உன் சமையலு."

"ஆமாக்கா."

"முன்னாடியும்…"

"ஆமாக்கா" என்றேன். "வாங்க, படிக்கட்டுல காத்து நல்லா வருது. அங்க போயி சாப்புடலாம்."

எங்கள் மாடிக்கு மேல் மொட்டைமாடிதான். அதற்குப் போகும் படியின் உச்சியில் இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கும். தனியாகப் போன் பேச வேண்டுமென்றால் அங்கேதான் போவார்கள். நான் குழம்புப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டேன். அன்று நான் சேர்த்துக் கொண்டுவந்திருந்த ரசத்தையும் மோரையும் ரேணுகா அக்கா எடுத்துக்கொண்டார். சம்பத் தட்டுகளும் சாதமும் கொண்டுவந்தான்.

பூட்டிய கதவில் முதுகைச் சாய்த்து மேல்படியில் சார் உட்கார்ந்திருந்தார். அதற்குக் கீழ்ப்படியில் திவ்யா. சாரின் மடியில் ஒரு டப்பா நிறைய எலுமிச்சை சாதம். வாயிலும் இருந்தது. எங்களைப் பார்த்ததும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

"இன்னா சார், பெருமாளு லெமன் சாதத்துக்கு ஒத்துக்கினாரா?" என்றார் ரேணுகா அக்கா.

நான் பாத்திரத்தைத் திறந்தேன். கத்திரிக்காய் போட்ட புளிக்குழம்பு. ஒரு கரண்டி எடுத்து அவர் டப்பாவுக்கு நேராக நீட்டினேன்.

"இதையும் கொஞ்சம் ஊத்திக்குங்க சார்."

அவர் வாயில் இருந்ததை விழுங்கினார். "வேணாம்மா."

"ஏன் சார்?"

இரண்டு வருடமாக என் வாயில் இருந்தது அந்த ஒரு சொல்தான். சொன்னபோது அது இவ்வளவு சின்னதா என்று இருந்தது. அவர் திவ்யாவைப் பார்த்தார்.

"ரெஜி, அவருக்கு சுகர் கீது. நேரத்துக்குச் சாப்புடணும். நானும் எங்க ஊர்க்காரராச்சேன்னுதான்…" என்றாள் திவ்யா.

"நான் அவரக் கேட்டேன்."

கரண்டியை நான் இறக்கவில்லை. அதிலிருந்து ஒரு சொட்டு படியில் விழுந்தது. சார் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நெனச்சிக்காதம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல. வூட்ல பெரியவங்க இருக்காங்க. பழக்கம்… வூட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"இங்க ஏது சார் வூடு?" என்றார் ரேணுகா அக்கா.

அவர் குரல் உடைந்திருந்தது. அவருக்கு அது இப்போதுதான் முழுதாகப் புரிந்திருந்தது. மந்திரம் என்று என்னைக் கேலி செய்த ஒவ்வொரு மதியமும் அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தார். சம்பத் தலையைக் குனிந்துகொண்டான்.

சார் வாயால் வரவேண்டும் என்றுதான் இத்தனையும் செய்தேன். வந்துவிட்டது. மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். நெஞ்சு லேசாகிவிடும், அழுகை வரும் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. பசித்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

திவ்யாவுக்குக் கீழே இருந்த படியில் உட்கார்ந்தேன். குறுகலான படி. இரண்டு பேர் உட்கார்ந்தால் அடைத்துக்கொள்ளும். ரேணுகா அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். சம்பத் கீழே உட்கார்ந்து தட்டில் சாதம் போட்டுக் கொடுத்தான். குழம்பை ஊற்றிப் பிசைந்தேன். அவசரப்படவில்லை. கத்திரிக்காயைத் தனியாக எடுத்துச் சாப்பிட்டேன். காரம் சரியாக இருந்தது.

தலைக்கு மேல் சார் அசைவது தெரிந்தது. எழுந்தார். போவதற்கு வழியில்லை. எங்களைத் தாண்டிக் கால் வைக்கவும் முடியாது. மறுபடி உட்கார்ந்தார். கை கழுவும் குழாய் கீழே இருந்தது. சாதம் ஒட்டிய கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மணிக்கு மேனேஜரோட கால் கீதும்மா" என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

திவ்யா என் தோளைத் தொட்டாள். "கொஞ்சம் வழி விடு ரெஜி."

"சாப்புட்டுகினு இருக்கோம் இல்ல" என்றேன்.

ரேணுகா அக்கா தட்டை நீட்டினார். அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினேன். எனக்கும் ஊற்றிக்கொண்டேன். ரசம் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு மோர்.