காற்றுச் சுமக்கும் உளுவை

சுனாமி வந்து ஐந்து வருஷமாகியும் என் வீட்டுக்காரர் வெள்ளைச்சாமி வரப்பை அடைத்துக்கொண்டேதான் இருந்தார். நிலநடுக்கத்தில், இந்தத் தீவின் சிப்பிகாட் என்ற ஊரில் இருந்த எங்கள் வயலே தாழ்ந்துபோனது. ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் உள்ளே வரும். "நம்ம முதுகுளத்தூர்ல இல்லாத உப்பா? நாலு மழை பேஞ்சா இறங்கிரும்" என்பார். வானத்தை நம்பியே கெட்ட வம்சம். தீவுக்கு வந்தும் புத்தி மாறவில்லை. டவுன் பக்கம் ஹேடோவில் இருக்கும் எங்கள் மகள் சுகுணா, தன் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். நானும் அலுத்துவிட்டேன்.

வரப்பெல்லாம் ஓட்டை. வயல்நண்டு வளை என்று நினைத்து, ஊர் வழக்கப்படி களிமண்ணை உருட்டி அடைத்து மிதிப்பார். மறுநாளே திறந்திருக்கும். "நண்டு இருந்தா அது வயல்தான்டி" என்று அதிலும் ஒரு சந்தோஷம் அவருக்கு.

நான்தான் பார்த்தேன். நண்டில்லை, விரல் நீள உளுவை மீன். தலைமேல் துருத்திய கண்ணோடு சேற்றில் துள்ளி வந்தது. வாய் நிறையக் காற்றை அள்ளிக்கொண்டு வளைக்குள் போனது. மறுபடி வந்தது, மறுபடி போனது. பக்கத்தில் வலை போடும் தெலுங்குக்காரரிடம் கேட்டேன். "அந்தர் அண்டா ஹை, அம்மா" என்றார். உள்ளே முட்டை இருக்கிறதாம். அதற்குத்தான் ஆண்மீன் காற்றுச் சுமக்கிறதாம். ஓதம் ஏறும்போது குஞ்சு பொரித்துக் கடலுக்குப் போகுமாம். கொஞ்சம் வளர்ந்ததும் கடல் வந்து போகும் சேற்றுக்கே திரும்புமாம்.

அப்படியென்றால் இது இனி வயலில்லை, கடலின் சேறு. சொன்னால் மனுஷன் ஒடிந்துபோவார். சொல்லாவிட்டால் இந்த வரப்பிலேயே செத்துப்போவார். கையைப் பிடித்து இழுத்து வந்து வளையைக் காட்டினேன்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மீன் போனது, வந்தது.

"குடித்தனமே வச்சிருச்சு" என்றார். "இனி அடைக்க வேணாம். சுகுணா வீட்டுக்குப் போயிருவோம்."

ஐந்து வருஷமாக நான் கெஞ்சிய வார்த்தை. வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. வயலாவது மண்ணாவது என்று தினமும் திட்டியவள், "நம்ம வயலுங்க இது" என்று அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் என்னைத் தூக்கிவிடவில்லை. அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.