குழாய்க்கு இரண்டு குளியல்

"குழாய இன்னாடி பண்ற?"

ஆரோக்கியமேரி திரும்பவில்லை. குழாயின் திருகிலிருந்து வாய்வரைக்கும் சோப்பு நுரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றது வீட்டுக்காரம்மா சம்பூர்ணம். கையில் வழக்கமான பித்தளைச் சொம்பு.

"கழுவறேம்மா."

"எங்க வூட்டு குழாய நீ கழுவறியா?"

அவள் ஆச்சரியப்பட்டதிலும் நியாயம் இருந்தது. நாலு வருஷமாக அந்தக் குழாயைக் கழுவும் உரிமை சம்பூர்ணத்துக்கு மட்டும்தான். காலை ஆறிலிருந்து ஆறரை வரை பின்கட்டில் குடியிருக்கும் மேரிக்குத் தண்ணீர். அவள் இரண்டு குடம் பிடித்துக்கொண்டு நகர்ந்ததும் சம்பூர்ணம் சொம்போடு வருவாள். மஞ்சள் கரைத்த தண்ணீரைக் குழாய்த் தலையில் ஊற்றிவிட்டு அப்புறம்தான் தன் குடத்தை வைப்பாள். அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அந்த மட்டுக்கும் மரியாதை தெரிந்தவள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளை ஒட்டிய தெரு அது. நாற்றத்துக்குப் பயந்து பின்கட்டுக்கு ஆள் வராமல் கிடந்தபோது, மேரியின் புருஷன் பெயர் கோபி என்று கேட்டு, நம்மவன் என்று நினைத்து சம்பூர்ணம் வீட்டைக் கொடுத்துவிட்டாள். சுவரில் மாதா படம் ஏறிய பிறகுதான் அவனுக்கு எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம் என்று விசாரித்தாள். தெரிந்துகொண்டதும் காலி செய்யச் சொல்லவில்லை. அடுத்த ஆள் எப்போது வருவானோ என்று யோசித்தாள், சொம்பை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஆஸ்பத்திரில சொல்லியிருக்காங்கம்மா," என்றாள் மேரி. "கண்ட கையும் படற எடத்த சோப்பு போட்டுக் கழுவிட்டுதான் தண்ணி புடிக்கணுமாம்."

"கண்ட கையா? இதுல என் கைதான் படுது. என் கையில இன்னா இருக்குது? நாங்க இன்னா தொடக்கூடாதவங்களா?"

தன் வாயிலிருந்து என்ன கேள்வி வந்தது என்று சம்பூர்ணம் கவனிக்கவில்லை. மேரி கவனித்தாள். வேறொரு காலமாக இருந்தால் உள்ளே போய் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாள். இப்போது அதற்கும் தெம்பில்லை.

"எங்க தண்ணி புடிக்கலைன்னா வேற வூடு பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு சம்பூர்ணம் உள்ளே போய்விட்டாள்.

மேரியின் மகள் ஹெலனுக்கு ஆறு வயது. ரத்தத்தில் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. ஷூ கம்பெனியில் மிஷினில் தைத்துக்கொண்டிருந்த மேரி அன்றைக்கு நின்றவள்தான். ரயிலேறிக் காட்பாடி, அங்கிருந்து பஸ்ஸில் வேலூர் என்று போய்ப்போய் அவளுக்கு ஆஸ்பத்திரியின் படிகள்கூடப் பாடமாகிவிட்டன. சுருள்சுருளாக இருந்த குழந்தையின் முடி போயிற்று. போன தடவை வீட்டுக்கு வந்திருந்தபோது, சளி பிடித்த சொந்தக்காரி ஒருத்தி ஆசையாகக் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். மறுநாளே காய்ச்சல். பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்துக் கிடந்தாள் மேரி. பக்கத்துக் கட்டில் பையன் அப்படிப்பட்ட ஒரு காய்ச்சலில்தான் போனான். அவனுடைய அம்மா மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை இன்னும் மேரியின் கண்ணிலேயே நிற்கிறது.

இந்தத் தடவை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் கண்டிப்பாகச் சொன்னாள். "இவளுக்கு வெள்ளை அணு ரொம்ப கம்மி. இந்த பத்து நாளைக்கு எந்த நோய் வந்தாலும் தாங்க மாட்டா. யாரா இருந்தாலும் கை கழுவிட்டுதான் தொடணும்."

"யாரா இருந்தாலுமா சிஸ்டர்?"

"யாரா இருந்தாலும்."

ரயிலில் வரும்போது மேரி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். தன்னைத் தொட்டுவிட்டு, தான் தொட்டதைத் தொட்டுவிட்டு, கழுவிக்கொண்ட கைகளை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். தன் பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் கழுவிக்கொண்டு வா என்று ஊராருக்கு யாரும் சட்டம் போட்டதாக அவள் கேள்விப்பட்டதில்லை. அதற்கு இந்தப் பாழாய்ப்போன வியாதி வரவேண்டியிருந்தது.

குழாயடியில் நடந்ததைக் கேட்டதும் கோபிக்கு முகம் செத்துப்போயிற்று. தோல் ஷாப்பில் தோலை ஊறவைத்துச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவன். வேலை முடிந்து வந்தால் தெருப்பக்கமே குளித்துத் துணி மாற்றிக்கொண்டுதான் மகளிடம் போவான்.

"போயி ஒரு வார்த்த மன்னிப்பு கேட்டுடு மேரி. இங்கேர்ந்து ரயிலு டேசன் அஞ்சு நிமிசம். இத வுட்டா, கையில புள்ளைய வச்சிக்கினு எங்க போயி வூடு தேடறது?"

"கேட்டுட்டு? குழாய கழுவாம புடிக்கட்டுமா?"

கோபி சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். மேரி போய் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆனால் நாளெல்லாம் பயந்துகொண்டே இருந்தாள்.

சாயந்திரம் நாலு மணிக்கு சம்பூர்ணமே வந்தாள். கையில் முறுக்கு டப்பா. நாலு வருஷத்தில் அவள் மிதிக்காத வாசற்படி அது. ஒரு காலை உள்ளே வைத்தும்விட்டாள்.

"புள்ளைய பாத்துட்டு போலாம்னு வந்தேன்."

சொன்னால் வீடு போகும், சொல்லாவிட்டால் என்ன போகும் என்று மேரிக்குத் தெரியும்.

"கை கழுவிட்டு வாங்கம்மா. சோப்பு குழாயாண்ட இருக்குது."

சம்பூர்ணம் டப்பாவைப் படியில் வைத்துவிட்டுப் போய், மேரியின் சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தாள். டப்பாவைத் திறந்து ஒரு முறுக்கை எடுத்தாள்.

பாயில் உட்கார்ந்திருந்த ஹெலன் முகமூடிக்குள் சிரித்தாள். பழக்கத்தில் இரண்டு கையையும் குவித்துத் தாழ நீட்டினாள். சம்பூர்ணமும் பழக்கத்தில் முறுக்கை மேலேயிருந்து போடக் கையை உயர்த்தினாள். இப்படி வாங்க வேண்டும் என்று பிள்ளைக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

"வெளிப் பலகாரம் கூடாதும்மா," என்றாள் மேரி.

முறுக்கு டப்பாவுக்கே திரும்பிப் போயிற்று. வெறும் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்ற சம்பூர்ணம், அதைக் குழந்தையின் மொட்டைத் தலையில் வைத்தாள்.

"முடியெல்லாம் எங்கடி போச்சி?"

"மருந்து தின்னுடுச்சி."

சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கிவிட்டது. அது பொய்க் கண்ணீர் இல்லை. தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "காலையில சொன்னத மனசுல வச்சிக்காத மேரி. புள்ளைய வச்சிக்கினு எங்க போவீங்க? இருங்க," என்றாள். மேரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்த வியாதி இப்படி ஒரு நல்லதையாவது செய்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன்னையே கடிந்தும்கொண்டாள்.

சம்பூர்ணம் போய்ப் பத்து நிமிஷம் இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் குளியலறை. வாளி நிரம்பும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் தலையில் விழும் சத்தம், ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு என்று நிற்காமல். காலையில் குழாயடிக்கு வந்தபோதே அவள் தலைக்குக் குளித்து ஈரத்துண்டு சுற்றியிருந்ததை மேரி பார்த்திருந்தாள்.

ஹெலனும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, வூட்டுக்காரம்மா இந்நேரத்துல குளிக்கறாங்க?"

"வேர்த்திருக்கும். நீ படு."

பிள்ளை படுக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி யோசித்தது. "அப்பா என்னைத் தொடறதுக்கு முன்னாடி குளிக்கறாரு. இவங்க தொட்டுட்டுப் போயி குளிக்கறாங்க. மாத்திப் பண்றாங்கம்மா."

மேரி கைநீட்டி, மகளின் நெற்றி சுடுகிறதா என்று தொட்டுப் பார்த்தாள். சுடவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. மேரி குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். முதல் குடம் நிரம்பும்போதே சம்பூர்ணம் சொம்போடு வந்து நின்றாள். வேலைக்குக் கிளம்பிய கோபி படியில் நின்றுகொண்டிருந்தான்.

"புள்ளைக்கு காய்ச்சல் ஒண்ணும் இல்லியே?" என்று சம்பூர்ணம் கேட்டாள். உண்மையான அக்கறையோடுதான் கேட்டாள்.

"இல்லம்மா." மேரி இரண்டாவது குடத்தை வைத்தாள். "நேத்து எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போயி தலைக்குக் குளிச்சீங்க இல்ல?"

கோபி படியிலிருந்து கையைக் காட்டினான், வேண்டாம் என்று. மேரி அவனைப் பார்த்தாள், பிறகு குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"குளிக்கறதா இருந்தா, வர்றதுக்கு முன்னாடி குளிச்சிட்டு வாங்கம்மா. தொட்டுட்டுப் போயி குளிச்சா எம் புள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல."

குரல் உயரவில்லை. மாத்திரை எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்தான். குடம் நிரம்பியதும் குழாயை மூடி, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலும் எடுத்துக்கொண்டாள்.

சம்பூர்ணம் மஞ்சள் தண்ணீரோடு அப்படியே நின்றிருந்தாள். சோப்பை மட்டும் மேரி எடுத்துப் போகவில்லை. குழாயடிக் கல்லின் மேல், வீட்டுக்காரம்மாவின் கைக்கு எட்டும்படி வைத்துவிட்டுப் போனாள்.