நல்லா நடிச்சிருக்காங்க

1

இந்தக் கதை ஒரு தியேட்டரில் பிறந்தது. திரையில் ஒரு பெண் உயிரைக் கொடுத்து அழுதுகொண்டிருந்தாள். நானோ வீட்டில் குழாயை மூடினேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் அழுகையில் ஒரு குறையும் இல்லை. என் கண்ணில்தான் ஒரு சொட்டு இல்லை. (குழாய் மூடித்தான் இருந்தது.)

2

முதல் வரி: 'எடிட்டிங் அறையின் இருள் ஒரு...'

வேண்டாம். இருளை எதற்காவது ஒப்பிட்டால், "நல்லா எழுதியிருக்காரு" என்பீர்கள். அந்தப் பாராட்டுக்குத்தான் பயப்படுகிறேன்.

நேராகவே சொல்கிறேன். ஒரு படத்தின் எடிட்டர். வீட்டில் அவளைச் சுண்டு என்பார்கள். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுதான் இருந்தாளாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாது. கதாநாயகி அவளுடைய சொந்த அக்கா. பிள்ளைகளை ஆளாக்கிவிட்டு மறுபடி நடிக்க வந்தவள். இந்தப் படம் போணியாகாவிட்டால் நடிப்புக்கே ஒரு கும்பிடு என்று சொல்லிவிட்டாள்.

தெரிந்தவர்களைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். கதைப்படி செத்துப்போன தங்கை தங்கத்தை மடியில் கிடத்தி, "எந்திரிடி தங்கம்" என்று அக்கா கதறும் இடத்தில் ஒருவர் நிதானமாகக் கொட்டாவி விட்டார். வெளியே வந்தவர்கள் எல்லார் வாயிலும் ஒரே வார்த்தை: "நல்லா நடிச்சிருக்காங்க."

"நடிக்கிறாங்கன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் எவன் அழுவான்?" என்று டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

(இந்த டைரக்டர் மேல் எனக்கே நம்பிக்கை இல்லை. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவரை எங்கே பார்த்தேன்? கதைக்கு உதவுகிறார், இருந்துவிட்டுப் போகட்டும்.)

3

கழித்துப் போட்ட டேக்குகளைச் சுண்டு மறுபடி ஓட்டிப் பார்த்தாள். ஒன்றில் அக்கா வாய் தவறி, "எந்திரிடி சுண்டு" என்றிருந்தாள். சொன்ன மறுகணமே பதறிப்போய், பட்டென்று தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள்.

சுண்டு அழுதாள். இந்த இடத்தை அரைப் பக்கம் அழகாக எழுதி அடித்துவிட்டேன். அழுதாள், அவ்வளவுதான்.

அந்த டேக்கையே படத்தில் ஒட்டினாள். பார்த்த அக்கா குதித்தாள்.

"பொணத்தை உன் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கேன். அதை ஊரே பாக்கணுமா? எடுத்துத் தூரப் போடுடி!"

"நான் என்ன செத்தா போயிட்டேன்? குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன்ல?"

"முதல்ல வாயைக் கழுவு!"

"தங்கத்துக்கு வீட்டுப் பேரு சுண்டுன்னு டப்பிங்ல ஒரு வார்த்தை சேத்துக்கலாம். ஒருதடவை ஜனங்களோட உக்காந்து பாருக்கா. அப்பவும் வேண்டாம்னா எடுத்துடறேன்."

4

முடிவு ஒன்று: அரங்கமே தேம்பி... சே, இது விளம்பரம்.

முடிவு இரண்டு: அக்கா அந்த டேக்கை வெட்டவைத்து, நடிப்பையும் விட்டுவிட்டு... மாட்டேன். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுபடி படம் போட்டார்கள். அக்காவும் சுண்டுவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அந்த இடம் வந்தது. திரையில் வாயில் அடி விழுந்தபோது, இருட்டில் அக்கா தங்கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள், நாடி பார்க்கிற மாதிரி.

"வலிக்குதுக்கா."

அக்கா விடவில்லை.

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அழுகையா, ஜலதோஷமா என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே உட்கார்ந்திருந்தது நீங்கள்.