உச்சியிலிருந்து இரண்டடி

தென்காசி பஜாரில் மலைச்சரக்குக் கடை வைத்திருந்த நமசிவாயம், கேட்ட விலைக்கு எதையும் வாங்கியதில்லை; சொன்ன விலைக்கு எதையும் விற்றதுமில்லை. டாக்டர் மூன்று வேளை சாப்பிடச் சொன்ன மாத்திரையை இரண்டு வேளையாகப் பேசிக் குறைத்து, அப்படியும் குணமானவர். வீட்டு விசேஷத்துக்கு நூறு இலை வேண்டுமென்றால் மனைவி குழல்வாய்மொழி அவரிடம் இருநூறு என்பாள். அவர் நூறு வாங்கி வருவார். இருவருக்கும் திருப்தி. குடும்பம் இப்படியே நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தது.

சொந்த ஊர் மேலகரம். அங்கே அவருக்கு இருந்த மரியாதை கடையால் வந்ததல்ல, ஒரு விளக்கால் வந்தது.

செண்பகாதேவி அருவிக்கு ஏறும் பாதையிலிருந்து பிரிந்து இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கினால் சொட்டுக்குகை வரும். மலை முழுக்கக் கருங்கல். அந்த ஓர் இடத்தில் மட்டும் சுண்ணாம்புக்கல் ஒரு நரம்பு போல ஓடுகிறது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டித் தரையில் இரண்டு கற்கள் எழும்பியிருந்தன. நாலடிக் கல் மேலகரத்தாருடையது, இரண்டடிக் கல் குத்துக்கல்வலசைக்காரர்களுடையது. அண்ணன், தம்பி என்று பெயர். ஆடி அமாவாசையன்று முதல் விளக்கு மூத்தவனுக்கு. அதை ஏற்றும் உரிமை நமசிவாயத்தின் குடும்பத்துக்கு. உயரமானவன்தான் மூத்தவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, சங்கிலிப்பாண்டி போலீசில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆகிக் குத்துக்கல்வலசைக்குத் திரும்பும்வரை.

அறுபத்தாறாம் வருஷத்து ஆடி அமாவாசையில், நமசிவாயம் தீக்குச்சியை உரசப்போன நேரத்தில் சங்கிலிப்பாண்டி குரல் கொடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரு சந்தேகம். எங்க ஆத்தா எம் நெஞ்சு உயரந்தான் இருக்கா. அதுக்காவ அவ எனக்கு இளையவளா?"

குகை என்பதால் சிரிப்பு இரண்டு தடவை கேட்டது. மேலகரத்துப் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் வந்ததுதான் நமசிவாயத்துக்குத் தாங்கவில்லை.

"கல்லும் ஆத்தாளும் ஒண்ணா ஏட்டையா?"

"ஒண்ணுன்னு நான் சொல்லல. ரெண்டு பேரு வயசுக்கும் சாட்சி வேணும்லா? உங்ககிட்ட இருக்கா?"

இல்லை. விளக்கை ஏற்றிவிட்டார் என்றாலும் அன்று முதல் அவருக்குத் தூக்கம் சரியில்லை. சங்கிலிப்பாண்டி பிடித்த கேஸை விடுகிறவர் அல்ல.

சாட்சி அடுத்த தை மாதம் மெட்ராஸிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது. பெயர் தங்கசாமி. காலேஜில் பூகோளம் ஆராய்ச்சி செய்கிறவர். கண்ணாடி, காக்கி டிரவுசர், ஒரு பெட்டி நிறைய இரும்புக் குழாய்கள். வனத்துறை அனுமதி கையில் இருந்தது. அது மேலகரத்தில் செல்லாது என்பதை அவரே தெரிந்துகொண்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"பெரியவரே, அந்தக் கல்லுகள் மழையால வளர்ந்தது. மலைக்குள்ள இறங்குற தண்ணி சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டு வந்து சொட்டும்போது ஒரு படலத்தை விட்டுட்டுப் போகும். நல்ல மழைன்னா படலம் தடிமனா, வெள்ளையா இருக்கும். மழை இல்லைன்னா மெலிஞ்சு கறுத்துப் போகும். உச்சியிலேருந்து குழாயை இறக்கி ஒரு கம்பி மாதிரி வெட்டி எடுத்தா, எந்தக் காலத்துல எவ்வளவு மழைன்னு படிக்கலாம்."

"போன மழையைத் தெரிஞ்சு யாருக்கு என்ன லாபம்?"

"வரப்போற மழையைப் புரிஞ்சுக்க உதவும்."

"அப்போ வர்ற சீசனுக்குச் சாரல் எப்படி?"

"அது தெரியாது."

சரக்கு நமசிவாயத்துக்குப் பிடிபடவில்லை. ஏலக்காய் மூட்டையைத் தைக்கத் திரும்பினார். அப்போது தங்கசாமி போகிற போக்கில் இன்னொன்று சொன்னார்: "கல்லோட வயசையும் சொல்லிரலாம்."

ஊசி நின்றது.

"எப்படிச் சொல்லுவீரு?"

"கல்லுக்குள்ள ஒரு மாதிரிக் கரி இருக்கு. தானாவே தேஞ்சுக்கிட்டு வரும். எவ்வளவு தேஞ்சிருக்குன்னு பம்பாயில ஒரு லேபுல பார்ப்பாங்க."

"டப்பாக்குள்ள வச்ச சூடம் கரையுத மாதிரி."

"அதேதான்."

சூடம் எத்தனை நாள் கடையில் கிடந்தது என்பதைக் கையில் தூக்கிப் பார்த்தே சொல்லக்கூடியவர் நமசிவாயம். அந்த நிமிஷமே அவருக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை வந்தது. நாலடிக் கல் இரண்டடிக் கல்லைவிட இளையதாக இருக்க வழியே இல்லை. ஏட்டு கேட்ட சாட்சி ஏட்டின் வாயை அடைக்கும்.

இரண்டு ஊரும் குகை வாசலில் கூடின. கல் என்ன வயது சொல்கிறதோ அதன்படி முதல் விளக்கு என்று முடிவானது. சங்கிலிப்பாண்டி தம்பிக் கல்லை அடி வரைக்கும் துளைக்கச் சொல்லிவிட்டார். "விசாரணைன்னு வந்தா முழுசா ஒத்துழைக்கணும் சார். அதான் முறை."

அண்ணன் கல்லுக்கும் தங்கசாமி உச்சி முதல் அடி வரை நாலடியும் கேட்டார். அங்கேதான் நமசிவாயத்துக்குள் இருந்த வியாபாரி விழித்துக்கொண்டான். நாலு கேட்கிறவனுக்கு வேண்டியது இரண்டு. இது உலகத்தில் எங்கே போனாலும் உள்ள கணக்கு. தோள் துண்டை எடுத்துத் தங்கசாமியின் கையையும் தன் கையையும் மூடினார். மாட்டுச் சந்தையில் விலை பேசுகிறவர்கள் செய்வதுபோல. ஒரு விரல் ஓர் அடி.

தங்கசாமி அவருடைய நாலு விரலைப் பிடித்தார். நமசிவாயம் மூன்றை மடக்கினார். தங்கசாமி ஒன்றை நிமிர்த்தினார். இன்னொன்றையும் நிமிர்த்தப் பார்த்தார், நமசிவாயம் விடவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டில் முடிந்தது.

துண்டுக்குள் அந்தப் படித்த கை துளியும் தடுமாறவில்லை. இவருக்கு இது எப்படித் தெரியும் என்று நமசிவாயம் அப்போதே யோசித்திருக்கலாம். ஜெயித்த சந்தோஷத்தில் யோசிக்கவில்லை. சின்னக் கல்லிலும் இரண்டடி, பெரிய கல்லிலும் இரண்டடி. ஏட்டைவிட ஒரு அங்குலம் கூடுதலாகக் கொடுக்கவில்லை என்று வீட்டில் போய்ச் சொன்னார்.

"கல்லு முழுசும் பாக்காம வயசு எப்படித் தெரியும்?" என்றாள் குழல்வாய்மொழி.

"உனக்கு வியாபாரம் தெரியாது."

பம்பாய் லேப் ஒன்றரை வருஷம் எடுத்துக்கொண்டது. அதற்குள் நமசிவாயம் மகளை அம்பாசமுத்திரத்தில் கட்டிக்கொடுத்து, அறுபத்தெட்டாம் வருஷத்து ஆடி அமாவாசைக்குச் சம்பந்தி வீட்டாரை அழைத்தும்விட்டார். முதல் விளக்கு நம்ம கையால்தான் என்று இரண்டு தடவை சொல்லி அழைத்திருந்தார். அமாவாசைக்கு முந்தின நாள் தங்கசாமி வந்து சேர்ந்தார். நல்ல சாரல். குகை வாசலில் குடை பிடித்துக்கொண்டு இரண்டு ஊரும் நிற்க, அவர் காகிதத்தைப் படித்தார்.

சின்னக் கல், இரண்டடி ஆழத்தில் வயது மூவாயிரத்து நானூறு. பெரிய கல், இரண்டடி ஆழத்தில் ஆயிரத்து எண்ணூறு. இரண்டிலும் கூடக்குறைய நூற்றைம்பது.

நமசிவாயம் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "அந்தக் கூடக்குறையில கூடுதலை எங்களுக்குப் போட்டு, குறைச்சலை அவாளுக்குப் போடுங்க சார்."

"அப்படிப் போட முடியாது. போட்டாலும் ஆயிரத்துக்கு மேல இடிக்குது."

"எங்க கல்லுல இன்னும் ரெண்டடி கிடக்கே! அதுக்கு வயசு இல்லையா?"

"இருக்கு. எவ்வளவுன்னு எனக்குத் தெரியாது. நான் அங்க போகலையே."

சங்கிலிப்பாண்டி இருமினார். ஏட்டாக இருந்த காலத்திலும் அவர் ஆளை அடித்ததில்லை, இருமுவார் என்று சொல்வார்கள்.

"அண்ணாச்சி, முழுசாக் குடுக்காதது யாரு?"

"ஏட்டையா, நான் சொல்லுததைக் கேளும்..."

"கல்லு சொன்ன வயசுன்னுதான பேச்சு? உங்க கல்லு பாதி வாக்குமூலம் குடுத்திருக்கு. எங்க கல்லு முழுசாக் குடுத்திருக்கு. எதை எடுத்துக்கிடுவாங்க?"

மேலகரத்தாரே தலையாட்டினார்கள். நமசிவாயம் தங்கசாமியை ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"சார், இப்பவே மிச்ச ரெண்டடியையும் துளைச்சிருங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க. பேரமே கிடையாது."

"குழாய் எல்லாம் மெட்ராஸ்ல இருக்கு. அதுவும் போக, எனக்கு அது தேவையில்ல."

"தேவையில்லையா? நாலடி கேட்டீரே?"

தங்கசாமி பெட்டியிலிருந்து கல் கம்பியை எடுத்துக் காட்டினார். வெள்ளைக்கு நடுவே ஓரிடத்தில் மசி தடவியது போல ஒரு கறுப்புக் கோடு. "இந்தக் கோடு விழுந்த காலத்துல நூறு வருஷத்துக்குப் பக்கமா இந்த மலையில மழை தவறியிருக்கு. ரெண்டு கல்லுலயும் இருக்கு. நான் தேடி வந்தது இதுதான். உங்க கல்லுலயே உச்சியிலேருந்து ஒன்றரை அடிக்குள்ள கிடைச்சிருச்சு."

"அப்போ வேண்டியது ரெண்டடி. கேட்டது நாலடி."

அதுவரை மெட்ராஸ் தமிழ் பேசிக்கொண்டிருந்தவர் லேசாகச் சிரித்தார். "ரெண்டு வேணும்னா ரெண்டா கேப்பாவ? ஒண்ணுதான தருவீய. எங்க மாமா ஏரல் பஜார்ல பாத்திரக்கடை வச்சிருக்காவ அண்ணாச்சி. காலேஜ் போற வரைக்கும் நான் அங்கனதான் உக்காந்திருந்தேன்."

நமசிவாயம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"தேரடிக்குப் பக்கத்துல, நீல மாடம் வச்ச கடையா?"

"அதேதான்."

"ஒரு அண்டாவுக்கு உங்க மாமாகிட்ட ஒரு பகல் பூராப் பேசியிருக்கேன்."

"வாங்குனீயளா?"

"இல்ல."

மறுநாள் முதல் விளக்கைச் சங்கிலிப்பாண்டி ஏற்றினார். பழைய போலீஸ் பெல்ட்டைத் துடைத்து வேட்டிக்கு மேல் கட்டியிருந்தார். அவருடைய ஆத்தா முத்துக்குருவி, அவர் நெஞ்சு உயரத்தில், எல்லாருக்கும் முன்னால் நின்று கும்பிட்டாள். நமசிவாயம் எண்ணெய்க் கிண்ணத்தோடு தன் முறைக்குக் காத்திருந்தார். அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி குனிந்து அவர் காதில் கேட்டார்.

"முதல் விளக்கு நம்மளுதுன்னு சொன்னீயளே?"

"பேசிக்கிட்டிருக்கு" என்றார் நமசிவாயம்.

தன் விளக்கை ஏற்றினார். உச்சியில் குழாய் இறங்கிய ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்திருந்த இடத்தில் ஒரு சொட்டு விழுந்து, தெறித்து, அவர் மூக்குக் கண்ணாடியில் பட்டது. துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மலையிறங்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்த தங்கசாமியின் கையைப் பிடித்து, தோள் துண்டை உருவி மேலே போட்டார்.

"அடுத்த தையில குழாயோட வாங்க. எவ்வளவு வேணும், சொல்லுங்க."

துண்டுக்குள் தங்கசாமி அவருடைய ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

"மிச்சமே ரெண்டடிதான சார் இருக்கு?"

"கல்லுக்கு அடியில தரையும் கொஞ்சம் வேணும்."

ஐந்து கேட்கிறவனுக்கு வேண்டியது இரண்டரை. நமசிவாயத்தின் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் மடங்கப் பார்த்தது. உள்ளே குத்துக்கல்வலசைக்காரர்கள் குலவையிடும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. அவர் விரலை மடக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, பேசலையா?" என்றார் தங்கசாமி, சந்தேகத்தோடு.

நமசிவாயம் துண்டுக்குள் இன்னொரு கையையும் விட்டு, அந்த ஐந்து விரலையும் விரித்தார்.